சீட்டுப் பணம் 45,000 ரூபாய்: லித்தியம் இன்வெர்ட்டரா, மின்விசிறியா, டிரில்லா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் லீசு வீட்டில் இருக்கிறோம். கணவர் சமையலறை அலமாரி பொருத்தும் தச்சு வேலை செய்கிறார். சீட்டு எடுத்ததில் 45,000 ரூபாய் கையில் இருக்கிறது. இன்னும் எட்டு மாதத் தவணை பாக்கி. ஆறு வருடமான இன்வெர்ட்டர் பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. 38,000 ரூபாய்க்கு லித்தியம் இன்வெர்ட்டர் வாங்கினால் கரண்ட் பில்லும் குறையும் என்று கடைக்காரர் சொல்கிறார். கணவர், பேட்டரியில் ஓடும் டிரில்லை வட்டியில்லாத் தவணையில் வாங்கலாம் என்கிறார். எனக்கு 14 வருடப் பழைய ஃபிரிட்ஜை மாற்ற ஆசை. சாதாரண மாதங்களில் 185 யூனிட் ஆகிறது. கோடையில் 225ஐத் தொட்டு 1,700 ரூபாய் பில் வந்துவிடுகிறது. மின்தடை மாதத்துக்கு ஐந்தாறு மணி நேரம்தான். எதை முதலில் வாங்குவது?

பதில்: முதல் வேலைக்குப் பணமே வேண்டாம், சகோதரி. அந்தப் பழைய பேட்டரியை இன்றே இன்வெர்ட்டரிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். மூன்று வாரத்தில் தண்ணீர் வற்றுகிறது என்றால், அந்தப் பேட்டரி மின்சாரத்தைச் சேமிக்கும் வலுவை இழந்துவிட்டது. உள்ளே போகும் கரண்ட் தண்ணீரைப் பிரித்து வாயுவாக வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. இன்வெர்ட்டர் அது நிரம்பவில்லை என்று நினைத்து இரவும் பகலும் ஏற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் பயன்படுத்தாத மின்சாரத்துக்கு மீட்டர் ஓடுகிறது. கழற்றிய பிறகு ஒரு மாதம் மீட்டரைக் குறித்துவையுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு.

இனி உங்கள் பில். கோடையில் மட்டும் ஏன் 1,700 ரூபாய்? கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டம் 2023இல் தொடங்கியது. உங்கள் பழைய சராசரியை வைத்து ஓர் இலவச அளவு குறிக்கப்பட்டிருக்கும், பில்லில் பாருங்கள். அதற்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அதைத் தாண்டி 200 யூனிட்டுக்குள் நின்றால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கட்டுகிறீர்கள். 200ஐத் தாண்டிவிட்டால் முழு பில்லும் உங்கள் தலையில். ஆகவே உங்கள் வீட்டில் 201ஆவது யூனிட்டின் விலை ஆறு ரூபாய் அல்ல, ஆயிரத்துக்கும் மேல். செலவை முடிவு செய்யும்போது இந்த 200 யூனிட் எல்லையைத்தான் மனத்தில் வைக்க வேண்டும். எந்தப் பொருள் குறைந்த பணத்தில் உங்களைக் கோடையிலும் 200க்குள் கொண்டுவருகிறதோ, அதற்கே முதல் ரூபாய்.

அது மின்விசிறி. உங்கள் பட்டியலில் அது இல்லாததால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தரும். மிச்சம் 45 வாட். ஒரு நாளில் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு மாதம் 13 யூனிட்டுக்குமேல், மூன்று ஃபேனுக்கு 40 யூனிட். 225 இருந்த இடத்தில் 185. மூன்று ஃபேனும் ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் முடியும். கோடை மூன்று மாத பில் மட்டுமே ஐயாயிரம் ரூபாய் என்றால், இரண்டாவது கோடையிலேயே போட்ட பணம் திரும்பிவிடும். திட்டம் நாளைக்கே நின்றுபோனாலும் கவலையில்லை. யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 240 ரூபாய் மிச்சம். லீசு முடிந்து வீடு மாறும்போது பழைய ஃபேன்களை மாட்டிவிட்டு, புதியதைக் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். பழையதை விற்றுவிட வேண்டாம்.

ஃபேன் மாறினால் பேட்டரிக் கணக்கும் மாறும். உங்களிடம் இருப்பதுபோல் தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரி 150 ஆம்பியர் ஹவர் கொள்ளளவு என்றால், அதில் நமக்குப் பயன்படும்படி கிடைப்பது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். மூன்று பழைய ஃபேன், இரண்டு விளக்கு, இணைய ரூட்டர் என்றால் நான்கு மணி நேரம் தாங்கும். புதிய ஃபேன்களோடு எட்டு மணி நேரம். மாதத்துக்கே ஐந்தாறு மணி நேரம் மின்தடை இருக்கும் வீட்டுக்கு அவ்வளவு பெரிய பேட்டரி எதற்கு? இன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் 100 ஆம்பியர் ஹவர் போதும். பழையதை மாற்றிக் கொடுத்த கழிவு போக, பன்னிரண்டாயிரத்துக்குள் அடங்கப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஈய பேட்டரிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

லித்தியம் நல்ல பொருள்தான். எடை குறைவு, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, அமில ஆவி இல்லை. ஆனால் பில் குறையும் என்று கடைக்காரர் சொன்னதை நான் ஏற்க முடியாது. எந்தப் பேட்டரியும் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வாங்கியதைவிடக் குறைவாகவே திருப்பித் தருகிறது. ஈயத்தில் அந்த நஷ்டம் அதிகம், லித்தியத்தில் குறைவு. உண்மை. உங்கள் வீட்டில் பேட்டரி மாதத்துக்குத் தர வேண்டியது ஒரு யூனிட்கூட இல்லை. அதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பணமாக்கினால் மாதம் இரண்டு, மூன்று ரூபாய். அதற்காக இருபத்தைந்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதா? லித்தியத்தை 2,000 முறைக்குமேல் சார்ஜ் ஏற்றி இறக்கலாம் என்பார்கள். தினமும் நான்கு மணி நேரம் மின்சாரம் போகிற ஊரில் அது பெரிய லாபம். உங்களுக்கு வருடத்தில் அறுபது முறைகூட வேலை வராது. அந்த 2,000ஐத் தொடுவதற்குள் வயதாகியே பேட்டரி போய்விடும். ஒரே ஒரு நிலையில் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்: அடுப்புக்குப் பக்கத்திலோ காற்றோட்டமில்லாத படுக்கையறையிலோ தவிர பேட்டரி வைக்க வேறு இடமே இல்லை என்றால், லித்தியம் வாங்குங்கள். ஈய பேட்டரி வெளிவிடும் ஹைட்ரஜனோடு விளையாடக் கூடாது.

உங்கள் கணவரின் டிரில் இந்தப் பட்டியலில் சம்பாதித்துக் கொடுக்கும் ஒரே பொருள். அதைத் தள்ளிப்போடச் சொல்ல மனமில்லை. மின் இணைப்பு வராத புதுக் கட்டடத்தில் அது இல்லாவிட்டால் நாள் கூலியே போகும். ஆனால் டிரில்லும் ஸ்க்ரூவும் போடும் கருவி மட்டும் பேட்டரியில் போதும். ரம்பமும் இழைப்பு இயந்திரமும் கம்பியோடே இருக்கட்டும், அவை பேட்டரியை நிமிடங்களில் உறிஞ்சிவிடும். 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியை ஒரு முறை ஏற்ற 25 பைசா மின்சாரம்தான் ஆகும். உண்மையான செலவு பேட்டரியே. ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. முதல் கருவியை வாங்கும்போதே அடுத்த பத்து வருடத்துக்கான நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பொருள். கூட வேலை செய்பவர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே வாங்கினால், அவசரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பிறகு பேட்டரி இல்லாமல் கருவியை மட்டும் வாங்கலாம். உங்கள் ஊர் எஸ்.பி. ரோடு கடைத்தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி, பன்னிரண்டாயிரத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் பேட்டரியை விட்டுவைக்க வேண்டாம். சூடு அதன் ஆயுளைத் தின்றுவிடும்.

தவணை வேண்டவே வேண்டாம். கிரெடிட் கார்டில் வட்டியை வேறு கட்டணமாக மறைத்துக் காட்டும் பூஜ்ய வட்டித் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013லேயே தடுத்தது. இப்போதைய வட்டியில்லாத் தவணையில், வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் செயல்முறைக் கட்டணமும் உங்களிடமே வரும். ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போகும். எட்டு மாதச் சீட்டுத் தவணை பாக்கி இருக்கும்போது இன்னொரு கடன் எதற்கு?

ஃபிரிட்ஜ் காத்திருக்கட்டும். ஊருக்குப் போகும்போது மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, போகும்போதும் வந்தபிறகும் மீட்டரைக் குறியுங்கள். நாளுக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டினால் கதவு ரப்பரைப் பாருங்கள்; தாளை வைத்துச் சாத்தி இழுத்தால் சுலபமாக வருகிறதா? ரப்பர் மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. அதற்கும் அடங்காவிட்டால் அடுத்த வருடம் புதியது வாங்கலாம். அப்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், அதே ஸ்டிக்கரில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

ஃபேனுக்கு 9,000, பேட்டரிக்கு 12,000, டிரில்லுக்கு 12,000 போக, மீதி 12,000 ரூபாயை வங்கியில் போடுங்கள். வேலை குறைந்த மாதத்தில் சீட்டுத் தவணை கட்ட அது உதவும். பேட்டரி வாங்கும்போது உத்தரவாதம் எத்தனை மாதம் என்று மட்டும் கேட்காதீர்கள். 36 மாதம் என்று சொல்வதில் எத்தனை மாதம் புதிய பேட்டரியே தருவார்கள், எத்தனை மாதம் விலையில் கழிவு மட்டும் தருவார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். பேட்டரி மேல் உள்ள வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய பேட்டரியைத் தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் கொடுக்காமல் அதே கடையில் ஒப்படைத்து, கழித்த தொகையையும் அந்தப் பில்லிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.