ஒயர்மேன் பதில்கள்: சுவருக்குள் குறுக்கு வழி

கேள்வி: பழைய வீட்டின் பின்கட்டில் புதிதாக ஓர் அறை எடுக்கிறோம். நாலரை அங்குலச் சுவர். ஏசி பாயிண்டுக்கு எலக்ட்ரீஷியன் தம்பி சுவரில் ஒயர் பதிக்கும் பள்ளத்தை, அதாவது காடியை, கோணலாக வெட்டிவிட்டார். கேட்டால், "ஒயர் மிச்சம், பெண்டும் (பைப் வளைவும்) குறையும்" என்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் மகன் போட்டோவைப் பார்த்துவிட்டு, அங்கே இப்படிப் போட விடமாட்டார்கள் என்று சத்தம் போடுகிறான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: மகன் சொல்வதுதான் சரி, ஆச்சி. பூச்சு வேலைக்கு முன்னால் கேட்டீர்களே, அந்த மட்டும் நல்லது. அந்தக் காடியை அடைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் எலக்ட்ரீஷியனை நான் திட்டமாட்டேன். நானும் அதே வேலையைச் செய்தவன்தான். பள்ளத்தூரில் என் அக்கா வீட்டுக்கு 1998இல் ஒயரிங் நான்தான் போட்டேன். ஹாலில் மேல் மூலையில் ஜங்ஷன் பாக்ஸ், எதிர் மூலையில் தரையிலிருந்து இரண்டடியில் டிவி பாயிண்ட். முறையாகப் போனால் 12 அடி குறுக்கே, 8 அடி கீழே, மொத்தம் 20 அடி. சாய்வாக இழுத்தால் பதினாலரைதான். ஐந்தரை அடி பைப், மூன்று ஒயருக்குப் பதினாறரை அடி மிச்சம். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

2011இல் அக்கா தன் மாமனார் படத்தை மாட்டித் தரச் சொன்னார். சுவரின் நட்டநடு, ஆறடி உயரம். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், நேரில் சுவிட்சும் இல்லை, பிளக்கும் இல்லை. தைரியமாக டிரில்லை வைத்தேன். பட்டென்று நீல வெளிச்சம், வீடே இருட்டு. நான் போட்ட ஒயரை நானே துளைத்திருந்தேன். பதின்மூன்று வருஷத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தது. டிரில்லின் பிளாஸ்டிக் உடம்பு என்னைக் காப்பாற்றியது. பிட்டின் முனையில் செம்பு உருகி, மிளகு அளவுக்கு உருண்டையாக ஒட்டியிருந்தது. அந்த பிட் இன்னும் என் பையில் கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் அதைத்தான் முதலில் காட்டுவேன்.

போட்டவனுக்கே நினைவிருக்காது. நாளைக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்ட வருகிறவருக்கு எப்படித் தெரியும்? சுவிட்சையும் பிளக்கையும் பார்த்தே, ஒயர் எந்தப் பாதையில் போகிறது என்று அவர் ஊகிக்க முடிய வேண்டும். இங்கிலாந்தில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சுவர்ப்பரப்பிலிருந்து 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் ஒயர் போனால், பொதுவாக அது கூரையை ஒட்டிய 150 மில்லிமீட்டருக்குள், அதாவது நம் அரையடிக்குள் போக வேண்டும். அல்லது இரண்டு சுவர் சேரும் மூலையிலிருந்து அதே அரையடிக்குள். அல்லது கண்ணுக்குத் தெரியும் சுவிட்ச், பிளக்கிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில். கோணல் கிடையாது.

"அங்கே ஒயரை அப்படியே பூச்சில் புதைப்பார்கள், நாம்தான் பைப்பில் போடுகிறோமே" என்று உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்லலாம். பிவிசி பைப் டிரில்லுக்கு வெண்ணெய் மாதிரி. பைப் போடுவது பின்னால் ஒயரை மாற்றுவதற்கு. அது கவசம் இல்லை. பெண்டு குறைந்தால் ஒயர் இழுக்கச் சுலபம் என்பது மட்டும் நிஜம். அதற்கு வழி, நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ்.

இன்னொன்று, நாலரை அங்குலச் சுவரைக் கண்டபடி வெட்டக் கூடாது. அதே இங்கிலாந்தில் செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கும், படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்கும் தாண்டக் கூடாது என்பார்கள். உங்கள் சுவருக்குக் கணக்குப் போட்டால் நிற்பதற்கு ஒன்றரை அங்குலம், படுப்பதற்கு முக்கால்தான். முக்கால் அங்குலத்தில் 25 மில்லிமீட்டர் பைப் உட்காராது. அதனால்தான் குறுக்கே போக வேண்டியதையெல்லாம் கான்கிரீட் போடும்போதே கூரைக்குள் பைப்பாகப் போட்டுவிட்டு, சுவரில் நேராக இறக்குவது. ஏசிக்கும் அப்படியே மேலிருந்து இறக்கச் சொல்லுங்கள். தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், தனி எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்).

பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துப் பிடித்து போட்டோ எடுங்கள். மகன் போனில் மட்டும் இருந்தால் போதாது, பிரிண்ட் போட்டு மீட்டர் பெட்டிக் கதவுக்குள் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: அப்பத்தா காலத்து வீடு. முகப்பிலும் வளவிலும் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) மேல் கிளிப் அடித்த பழைய ஒயரிங். அசிங்கமாக இருக்கிறது. சுவரைக் கொத்தி உள்ளே மறைத்துவிடலாமா?
- ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம் ஐயா. கண்ணாடி மாதிரி மினுங்கும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் கட்டர் மெஷினை வைக்க எனக்குக் கை வராது. வெட்டின இடத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் தழும்பு தழும்பாகத் தெரியும், ஓரத்தில் வெடிப்பும் விடும். சுவரும் வீணாகும், வேலையும் நிற்காது.

ரீப்பர் அசிங்கம் என்கிறீர்கள். எனக்கு அது அழகு. ஒயர் எங்கே போகிறது என்று குழந்தைக்கும் தெரிகிறதே! தேக்கு ரீப்பரைத் துடைத்து வார்னிஷ் அடித்து வைத்துக்கொண்டு, ஒயரை மட்டும் மாற்றுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய ரப்பர் ஒயரை லேசாக வளைத்தாலே முறுக்கு நொறுங்குவது போல உதிரும்.

பீங்கான் பியூஸ் பெட்டியையும் கழற்றுங்கள். பழைய வீடுகளில் நியூட்ரலிலும் ஒரு பியூஸ் வைத்திருப்பார்கள். அது போய்விட்டால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். பல்பு மாற்ற ஏணியில் ஏறுகிறவருக்கு அது தெரியாது. எம்சிபியும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வையுங்கள். எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். ரெண்டே ஒயரில் ஓடும் வீடுகள் நம் பக்கம் நிறைய.

கேள்வி: சுவருக்குள் ஒயர் இருக்கும் இடத்தைச் செல்போன் ஆப் காட்டிக் கொடுக்குமாமே?
- ஒரு கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: போனில் இருப்பது காந்தத்தை உணரும் சில்லு, தம்பி. இரும்பு ஆணிக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் கத்தும். பைப்புக்குள் இருக்கும் செம்புக் கம்பிக்கு அதை நம்பக் கூடாது. சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள். எங்கே துளைத்தாலும் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில் வைத்துத் துளையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். மெயின் போன அடுத்த நொடி அதே ஒயருக்குள் அது கரண்டை அனுப்பிவிடும்.