உறவினர் கட்டாத வாடகையை, கையெழுத்துப் போட்ட நான் கட்ட வேண்டுமா?

அக்கா குடும்பம் பதுளையில் குடியிருக்க நீங்கள் அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டீர்கள், ஐந்து மாத வாடகை நிலுவை, வீட்டுக்காரர் இப்போது உங்களைப் பிடிக்கிறார். இதுதானே உங்கள் கேள்வி? இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

முதலில் அந்த ஒப்பந்தத்தை எடுத்து உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சாட்சியாக மட்டும் போட்டிருந்தால் வாடகைக்கு நீங்கள் பொறுப்பில்லை. பிணையாளர் என்றால் பொறுப்பு உண்டு, எவ்வளவுக்கு என்பது அதில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. ‘இரண்டாம் தரப்பினர்’ என்று உங்கள் பெயரே இருந்தால், நீங்கள் ஒரு இரவுகூட அந்த வீட்டில் தூங்காவிட்டாலும் வாடகைக்காரர் நீங்கள்தான். வீட்டுக்காரர் அக்காவைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

என் கதை ஹட்டனில். மாமாவின் மகள் உயர்தரம் படிக்க வேண்டும் என்று தோட்டத்து லயத்தைவிட்டு டவுனுக்கு வந்தார்கள். அரசாங்க வேலைக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் வீடு என்றார் உரிமையாளர். நான் ஆசிரியர், அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தம் முழுக்கச் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் பேச வரும், சட்டத்தரணி எழுதும் சிங்களத்தை வாசிக்க வராது. மாமி பக்கத்தில் நின்று “போடுங்க தம்பி, நாங்க கட்டிருவோம்” என்றார், போட்டேன். மாதம் 18,000 ரூபாய், மூன்று மாத அட்வான்ஸ்.

மாமாவுக்குக் கொழும்பில் வேலை போனது. ஆறு மாதம் வாடகை நின்றது எனக்குத் தெரியாது, பதிவுத் தபாலில் லோயர் கடிதம் பாடசாலைக்கு வந்த அன்றுதான் தெரியும். அதிபர் மேசையில் அந்தக் கடித உறை கிடந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. 1,08,000 ரூபாய்.

இங்கே நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். மாமாவோடு சண்டை போட்டே மூன்று வாரத்தை ஓட்டிவிட்டேன். அவர்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் கடன் உங்கள் பெயரில்தான் ஏறும். அதனால் பழைய பாக்கியைப் பற்றிக் கதைப்பதற்கு முன்னால் அக்காவிடம் எப்போது வீட்டை விடுவார்கள் என்று தேதி வாங்குங்கள். வீட்டுக்காரருக்கும் அதை எழுத்தில் கொடுங்கள்.

ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு (உறுதிப் பத்திரங்களைச் சட்டப்படி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டிருக்க வேண்டும், 1840 ஆம் ஆண்டின் மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உங்களுடையது சும்மா கடதாசியில் எழுதியதென்றால் பணம் கட்டுவதற்கு முன்பே லோயரிடம் காட்டுங்கள். ஆனால் அதைச் சொல்லி முழுத் தொகையும் தள்ளுபடியாகிவிடும் என்று நம்ப வேண்டாம், குடியிருந்த காலத்துக்குக் காசு கேட்க வேறு வழியும் உண்டு. லோயருக்குக் கொடுக்கக் கையில் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

எனக்கு அட்வான்ஸ் 54,000 கழிந்தது. மிச்ச 54,000ஐ மாதம் 9,000 ஆக ஆறு தவணையில் கட்டுவதாக எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. பின்னால் அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் மாமாவை, நீதிமன்றம் போகாமல் தகராறைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குக் கூப்பிட்டேன். சொந்தத்தையா என்று ஊரில் கேட்டார்கள். அங்கே வழக்கறிஞர் பேச முடியாது, நாமே உட்கார்ந்து கதைக்க வேண்டும். அதனாலேயோ என்னவோ மாமா வீட்டில் சொல்லாததை அங்கே சொல்லி அழுதார். இப்போது மாதம் 3,000 வங்கியில் போடுகிறார், ஒரு மாதமும் தவறவில்லை.

சரி, இன்னொன்று. சாவி கொடுக்கும் அன்று நீங்களே நேரில் போங்கள். மின்மானி இலக்கத்தையும் சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டு, சாவி கிடைத்தது, இன்றோடு குடியிருப்பு முடிந்தது என்று வீட்டுக்காரர் தேதி போட்டுக் கையெழுத்திட்ட துண்டை வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும்.