கற்பனை நகரத்துக்கு ஒரு வரைபடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சங்ககாலச் சாயல் உள்ள ஒரு துறைமுகப் பட்டினத்தை வைத்து ஃபேன்டஸி நாவல் எழுதி வருகிறேன். வரைபடம் வேண்டி, வாட்டபூ என்பவர் உருவாக்கிய, ஊர் வரைபடத்தைத் தானே வரைந்து தரும் மெடீவல் ஃபேன்டஸி சிட்டி ஜெனரேட்டரைத் திறந்தேன். நொடியில் அழகான ஊர் வந்துவிட்டது. ஆனால் என் பாத்திரங்களை அதில் நடக்கவிட்டால் ஒட்டவே இல்லை. கேம்பெயின் கார்ட்டோகிராஃபர் போல விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு மாறினால் சரியாகுமா?

க.

அன்புள்ள க.,

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் ஜெனரேட்டர் அருமையான வேலைப்பாடு. ஆனால் அதற்குத் தெரிந்தது ஐரோப்பிய இடைக்கால ஊர் மட்டும்தான். புள்ளிகளைத் தூவி, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பேட்டையை வகுத்து, அதை வெட்டி வெட்டி வீடுகளாக்குகிறது. நடுவில் சந்தைத் திடல், சுற்றிலும் மதில், ஓரத்தில் கோட்டை. உங்கள் பட்டினத்து மனிதர்கள் அப்படி வாழ்பவர்கள் இல்லையே.

புகார் நகரை வர்ணிக்கும் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையை ஒருமுறை வரைபடக்காரர் கண்ணோடு படியுங்கள். கடலோரம் மருவூர்ப்பாக்கம்: யவனர் இருக்கை, நெசவாளர், தானியம் விற்கும் கூல வீதி, பிட்டும் அப்பமும் விற்பவர்கள், உப்பு, மீன். இன்னொரு பக்கம் பட்டினப்பாக்கம்: அரச வீதி, தேர் வீதி, பெருவணிகர் மாடங்கள், மறையோர், மருத்துவர், காலக்கணிதர். இரண்டுக்கும் நடுவே பகல் சந்தையான நாளங்காடி. அது கல் பாவிய திடல் இல்லை, நெருங்கிய மரங்களே கடைக்கால்களாக நிற்கும் சோலை! எந்த வாசனை யார் வீட்டுப் பக்கம் வீசும் என்பதுவரை இதிலிருந்து சொல்லிவிடலாம்.

இதை அதே ஜெனரேட்டரில் செய்யலாம். மதில், கோட்டை, திடல் மூன்றையும் அணைத்துவிட்டு, கடற்கரையோடு ஒரு சிற்றூர், கடற்கரை இல்லாமல் ஒரு சிற்றூர் எடுங்கள். இரண்டையும் கோடுகளைத் திருத்தக்கூடிய எஸ்விஜி கோப்பாக இறக்கி, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தனித்தனி லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்களாக, வையுங்கள். நடுவில் இடைவெளி விட்டு மரங்களை வரையுங்கள். அப்புறம் துறையிலிருந்து சோலைக்கு மூட்டை வரும் வழியை வரைந்து, அதன் குறுக்கே நிற்கும் வீடுகளை யோசிக்காமல் அழியுங்கள். சரக்கு போகும் வழிதான் ஊரின் முதல் தெரு, வீடுகள் அதற்குப் பிறகு வந்தவை.

ஊர் புதிதாக முளைத்ததுபோல் தெரிகிறதே என்ற கவலை அடுத்து வரும். அதற்கு மதுரையைப் பாருங்கள். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகச் சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள். தேர் மாசி வீதியில் ஓடுவதால் அந்தத் தெருவுக்கு அகலமும் திரும்ப மூலையும் வேண்டும். அதற்கும் வெளியே போனால், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840-ஐ ஒட்டி, கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் வந்த வீதிகள். வியன்னாவின் ரிங் சாலையும் 1857 ஆணைக்குப் பின் மதில் இருந்த இடத்தில் வந்ததுதான். ஆகவே ‘பழைய மதில்’ என்று ஒரு லேயர் போட்டு, அதன்மேல் ஒரு தெருவை ஓட்டி, மதில் லேயரை மறைத்துவிடுங்கள். அந்த வளைவு ஏன் என்று வாசகருக்குத் தெரியாவிட்டாலும் ஊருக்கு வயது வந்துவிடும்.

அளவுகோல் கட்டாயம் போடுங்கள். சாதாரண நடை மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 மீட்டர். உங்கள் நாயகி துறையிலிருந்து அங்காடிக்குப் பத்து நிமிடத்தில் போகிறாள் என்றால் படத்தில் அது 800 மீட்டர். கூட்டம் என்றால் இன்னும் குறையும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் தூரம் மாறினால் வரைபடம் போட்டே பயனில்லை.

தெருப்பெயர்களைக் கடைசியில் எழுதுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் அந்த எழுத்துகளையெல்லாம் ‘பாத்’ (path) ஆக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டுருவங்களாக மாற்றிவிடுங்கள். அச்சகத்துக் கணினியில் உங்கள் ஃபான்ட் இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிவிடும். மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், பிறகு பிழை திருத்த முடியாது.