கேள்வி பதில்: மனநல மருத்துவர்களும் சைக்கோதெரபி பயிற்சியும்

கேள்வி: எம்.டி. மனநல மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, சைக்கோதெரபியில் ஒரு வகை) புத்தகங்கள் படித்தாயிற்று, வொர்க்‌ஷாப்பும் போய்வந்தேன். ஆனாலும் நோயாளி முன் உட்கார்ந்தால் ஒன்றும் கைகூடவில்லை. எங்கே தொடங்குவது?
- பி.ஜி. மாணவி, வேலூர்

பதில்: ஒரே ஒரு கேஸில் தொடங்குங்கள். பேனிக் (திடீரென வரும் கடும் பயத் தாக்குதல்) அல்லது மிதமான மனச்சோர்வு போதும். தற்கொலை எண்ணமோ குடிப்பழக்கமோ உள்ளவர் முதல் கேஸாக வேண்டாம். வாரம் ஒருமுறை 50 நிமிடம், 12 முதல் 16 செஷன். எழுத்துமூலம் சம்மதம் வாங்கி ஒவ்வொரு செஷனையும் ஆடியோவில் பதியுங்கள். அதை சூப்பர்வைசர் (உங்கள் செஷனைக் கேட்டு வழிகாட்டும் அனுபவசாலி) காதால் கேட்க வேண்டும். நினைவிலிருந்து ஒப்பித்தால், செஷனில் நீங்கள் தவறவிட்ட இடம் ஒப்பிப்பதிலும் விடுபட்டுப்போகும்.

பேனிக் உள்ள ஒரு அம்மா, "நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர், போயிடுவேனோன்னு இருக்கு" என்கிறார். புதிதாகப் பழகுபவர் உடனே, "ஒண்ணும் ஆகாதும்மா, ஈ.சி.ஜி. நார்மல்" என்பார். அந்த ஆறுதல் இரண்டு நாள் தாங்காது, இன்னொரு ஈ.சி.ஜி. கேட்டு வருவார். "அந்த நேரத்துல என்ன ஆயிடும்னு தோணுச்சு?" என்று கேளுங்கள். முதலில் "பயமா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். "உடம்புக்கு என்ன நடக்கப்போகுதுன்னு பயந்தீங்க?" என்றால்தான் "இதயம் நின்னுடும்னு நினைச்சேன்" என்பார். சிகிச்சைக்கான பிடி அந்த எண்ணம்தான். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இல்லையென்று உறுதிசெய்த பிறகு, அறையிலேயே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்லுங்கள். படபடப்பு வந்து, தானாகவே அடங்குவதை அவரே பார்ப்பார்.

கேள்வி: பத்து வருடமாகக் கிளினிக் நடத்துகிறேன். ஓ.பி. முழுக்க மாத்திரைதான். இனிமேல் சைக்கோதெரபி கற்க முடியுமா?
- மனநல மருத்துவர், குடியாத்தம்

பதில்: தாராளமாக முடியும். நோயறியும் கண் உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. இடைஞ்சல் ஓ.பி. பழக்கம்தான்: "தூக்கம் வருதா? பசிக்குதா?" என்று ஆமாம், இல்லை கேள்வியாகவே வாயில் வரும். கூட்டமில்லாத இரண்டு மதியங்களில் தலா ஒரு செஷன் வையுங்கள். ஓ.பி. நடுவே திணித்தால் பாதியில் கதவு தட்டப்படும்.

போன வாரம் தந்த வீட்டுப்பாடத்தைச் செஷன் தொடக்கத்திலேயே பாருங்கள். ஒருமுறை கேட்க மறந்தால் மறுமுறை அவர் செய்துவர மாட்டார். மாத்திரைப் பேச்சைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவே செஷனை விழுங்கிவிடும். பயம் வந்தால் போட்டுக்கொள்ள அல்பிரசோலம் எழுதித் தந்திருக்கிறீர்களா? எக்ஸ்போஷர் (பயப்படுவதைத் தவிர்க்காமல் எதிர்கொள்ளப் பழக்குவது) பலிக்காமல் போக அது ஒன்றே போதும், ஏனென்றால் தப்பித்தது மாத்திரையால்தான் என்று நோயாளி நம்பிவிடுவார். தினமும் எடுப்பவருக்குச் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள்.

ஓ.சி.டி. (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்) என்றால் வீட்டாரையும் உள்ளே கூப்பிடுங்கள். குடும்பத்தார் நோயாளியுடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது நம் பாகாயம் சி.எம்.சி. மனநல மையத்தில் நெடுங்கால வழக்கம். கணவர் பத்தாவது முறை கை கழுவ மனைவி தண்ணீர் ஊற்றுகிறார் என்றால், அந்த உதவியும் நோயை வளர்க்கிறது. ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். எந்த உதவியை முதலில் விடுவது என்று மூவரும் பேசி முடிவுசெய்து, ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.

பக்கத்தில் சூப்பர்வைசர் இல்லையென்றால் வீடியோ காலில் பிடியுங்கள். பதிவை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை. பாஸ்வேர்டு போட்டு வைத்து, சூப்பர்விஷன் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

கேள்வி: சீனியர் கன்சல்டன்ட் நான். பி.ஜி.க்களுக்கு சூப்பர்விஷன் தரச் சொல்கிறார்கள். நானே முறையாகப் பயின்றதில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அதை மாணவர்களிடம் மறைக்காதீர்கள். முதலில் உங்கள் செஷன் ஒன்றைப் பதிந்து, பயிற்சி பெற்ற ஒருவரிடம் மதிப்பெண் வாங்குங்கள். அவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக, உங்களைவிட இளையவராக இருந்தாலும் தயங்க வேண்டாம். இதற்கென்றே உள்ள காக்னிட்டிவ் தெரபி ரேட்டிங் ஸ்கேலில் 11 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6, மொத்தம் 66. அனுபவசாலிகள் நோயாளி சொல்வதைப் புரிந்துகொள்வதில் நிறையவும், அஜெண்டா (செஷனில் எதைப் பேசுவது என்ற பட்டியல்) போடுவதிலும் வீட்டுப்பாடத்திலும் குறைவாகவும் வாங்குவது சகஜம்.

மாணவரின் பதிவில் அவரே தேர்ந்த பத்து நிமிடத்தைக் கேளுங்கள். ஒரு திறனை மட்டும் எடுத்துப் பேசுங்கள். பிறகு நீங்கள் நோயாளியாக உட்கார, அதே இடத்தை அவர் மறுபடி செய்து பார்க்கட்டும். "என் கேஸ் ஒண்ணு அப்படித்தான்" என்று நீங்கள் ஆரம்பித்தால் அந்த ஒரு மணி நேரம் மாணவருடையதாக இருக்காது.