கறள் பிடித்த பழைய கேம்பர் வானுக்கு முழுதாகப் பெயின்ற் அடிக்கலாமா?

1972 வொக்ஸ்வாகன் கேம்பர் வாங்கியிருக்கிறேன், அங்கங்கே கறள், முழுதாகப் பெயின்ற் அடிப்பதா அப்படியே விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், வான் வீட்டு வாசலில் மழையில்தான் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இப்போதைக்கு அடிக்காதீர்கள். நான் அடித்துப் பட்டவன்.

என்னுடையது 1973 ஆம் ஆண்டு வான். ஜெர்மனியில் ஹனோவர் தொழிற்சாலையில் செய்து, இங்கே டெவன் நிறுவனம் சிட்மத்தில் படுக்கையும் அலுமாரியும் தூக்குக் கூரையும் போட்டது. 2011இல் வாங்கினேன். மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி செம்மஞ்சள். மட்காட் ஓரத்தில் கொஞ்சம் கறள், கூரைப் பீலிக்குக் கீழே இரண்டு மூன்று கொப்புளம், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. 2013 கோடையில் ஒரு கராஜில் 4,200 பவுண்ஸ் கொடுத்து முழுதாக அடித்தேன். சாவியை வாங்கின அன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நேரே கடற்கரைக்குப் போனோம். முன்னால் போன சனம் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கை காட்டியது. அந்தச் சந்தோசத்தை நான் இப்போதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது மாரி முடிய, அதே இடங்களில் அதே கொப்புளங்கள். 2015இல் எம்.ஓ.ரி என்கிற வருடாந்த வாகனப் பாதுகாப்புச் சோதனையில் வான் தோற்றது. சோதித்தவர் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' (sill) என்கிற தகட்டில் விரலால் அழுத்திக் காட்டினார், உள்ளே போனது. காந்தம் வைத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. அந்த இடத்தில் தகடே இல்லை. ஓட்டையை மறைக்கப் பட்டியை (putty) அப்பி, அதன்மேல் என்னுடைய 4,200 பவுண்ஸ் பளபளத்துக்கொண்டு நின்றது.

இந்த வான்களில் பீட்டில் காரைப் போலக் கழற்றி எடுக்கிற தனி அடித்தளம் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றாக வெல்ட் பண்ணியது. சில் என்பது அலங்காரத் தகடு இல்லை, வெளி, நடு, உள் என்று மூன்று தகடு சேர்ந்து வானைத் தாங்குகிற பெட்டி. அது போனால் ஜாக் வைக்கிற இடம் போகும், பிறகு கதவு ஒழுங்காகப் பூட்டாது.

அப்போது கிராமப்புறத்தில் ஒரு வயதான வெள்ளைக்கார வெல்டரிடம் கொண்டுபோனேன். மனிதர் வெளியே பார்க்கவே இல்லை. உள்ளே ஏறி, அடுப்புக்குப் பின்னால் இருந்த பலகையைக் கழற்றச் சொன்னார். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ குளிருக்காகக் கண்ணாடிப் பஞ்சை அடைத்திருந்தார்கள். கையை விட்டேன். பிழிந்தால் தண்ணீர் வந்தது. தேத்தண்ணி வைக்கிற ஆவி, இரவில் நாலு பேர் விடுகிற மூச்சு, யன்னல் றப்பரால் கசிகிற மழை எல்லாம் அந்தப் பஞ்சில் ஊறித் தகட்டின் உட்பக்கத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. கொப்புளம் வெளியே தெரிந்தபோது உள்ளே வேலை முடிந்திருந்தது. நான் காசைக் கொட்டியது மறுபக்கத்தில்.

ஆகவே முதலில் உங்கள் வானின் உட்பலகைகளைக் கழற்றுங்கள். பற்றரி இருக்கிற தட்டு, முன்கண்ணாடி றப்பரின் கீழ்ப்பக்கம், சக்கர வளைவுகளின் அடி, பீலி மூட்டு, ஜாக் இடங்கள் எல்லாவற்றையும் ஸ்குறூட்றைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக இருந்தால் நம்பாதீர்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துவாரங்கள் பெரும்பாலும் மண் அடைத்துத்தான் இருக்கும், ஒரு கம்பியால் குத்திவிட்டாலே பாதி நோய் நிற்கும்.

"40 வருசம் தாண்டிய வண்டிக்கு எம்.ஓ.ரி தேவையில்லையே" என்று ஒருவர் கீழே எழுதத்தான் போகிறார். 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு அப்படித்தான் சட்டம். நான் ஒவ்வொரு வருசமும் விரும்பியே கொண்டுபோய்க் காட்டுகிறேன். அதில் படுத்து நித்திரை கொள்கிறது என் பிள்ளைகள்.

இன்னும் சிலர், இந்தக் காசுக்கு ஊரில் ஒரு காணி வேலி அடைத்திருக்கலாமே என்பார்கள். வெல்டிங்குக்கு இரண்டு மாரி காலமும் ஏறக்குறைய 6,000 பவுண்ஸும் போனது உண்மைதான். நான் கணக்காளர், காசு தெரியாமல் செய்யவில்லை. ஊருக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிக்கொண்டுதான் செய்தேன்.

எங்கள் அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ-40 ஒன்று இருந்தது. பொருளாதாரத் தடை நேரம் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். 1995 இடப்பெயர்வில் அம்மம்மாவை நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குக் கொண்டுபோனது அந்தக் கார். ஞாயிற்றுக்கிழமைகளில் கழிவு ஒயிலைத் துணியில் தொட்டு அடித்தகடு முழுக்கப் பூசுவார். வெளியே நிறம் மங்கிப்போய்க் கிடந்தது, அடியில் ஒரு ஓட்டை இல்லை. அப்பா செத்த பிறகு வீட்டைப் பார்த்துக்கொண்ட உறவுக்காரர் ஒருவர் அதைப் பழைய இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு ரெலிபோன் எடுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த விலையைப்போல பத்து மடங்கு அனுப்பியிருப்பேன். "அது ஓடாத கார்தானே" என்று இன்றைக்கும் சொல்கிறார். மனம் ஆறவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததை எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

பெயின்றே அடிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வெல்டிங் முடிந்து, சில் பெட்டிக்குள்ளும் தூண்களுக்குள்ளும் கறள் தடுக்கிற மெழுகு பீச்சி, ஒரு மாரி முழுக்க ஓடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் முழுதாக அடிக்க மனம் இருந்தால் அடியுங்கள். நிற இலக்கம் முன் இருக்கைக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தகட்டில் இருக்கும், என்னுடைய வெள்ளை எல்90டி. நிறத்தையே மாற்றினால் பதிவுப் பத்திரத்திலும் மாற்றுவிக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க வீட்டுக் கராஜுக்குள் இரண்டு கலவைப் பெயின்றை (இறுகவைக்கிற திரவத்தைத் தனியாகக் கலந்து அடிப்பது) மட்டும் விசிறாதீர்கள். என் மச்சான் அதற்கு நின்றார், நான் விடவில்லை. அதில் இருக்கிற ஐசோசயனேற் என்கிற இரசாயனம் நெஞ்சில் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், தூசி மறைக்கிற சாதாரண முகமூடி அதற்குக் காணாது. வெளியிலிருந்து காற்று வருகிற முகமூடி வேண்டும்.

நான் திரும்ப முழுதாக அடிக்கவில்லை. வெல்ட் பண்ணின இடங்களுக்கு மட்டும் அடித்தேன், நிறம் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிகிறது. பழைய பெயின்றில் கீறல்கள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு புரட்டாதியும் அடியில் படுத்து மெழுகு பூசுகிறேன். போன கிழமை வலது முன் வளைவில் ஒரு சின்னக் கொப்புளம் கண்டேன். சனிக்கிழமை உட்பலகையைக் கழற்றப் போகிறேன்.