குறிப்பில் குறையா, நம்மிடம் குறையா?

வணக்கம் ஐயா,

நாளிதழில் வரும் குறுக்கெழுத்தைத் தினமும் போடுகிறேன். நேரடியாகப் பொருள் கேட்கும் புதிர் பழகிவிட்டது. விடையைக் கட்டும் வழியைக் குறிப்புக்குள்ளேயே ஒளித்து வைக்கும் மறைகுறிப்புப் புதிரில்தான் பாதியில் நின்றுவிடுகிறேன். போன வாரம் வந்த இரண்டு குறிப்புகள்: ‘தகுதி சிதைந்து வாசலை அடைப்பது (3)’, விடை கதவு. ‘கரம் வாடினால் மாதாமாதம் கொடுப்பது (3)’, விடை வாடகை. மறுநாள் விடையைப் பார்த்த பிறகும் இரண்டும் மனதில் ஒட்டவில்லை. “விடைதான் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?” என்கிறார்கள் நண்பர்கள். அதே புதிரில் இடது மேல் மூலை முழுக்கக் காலியாகவே கிடந்தது. தவறு என்னுடையதா, புதிருடையதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

இரண்டு குறிப்புகளிலும் தவறு புதிர் அமைத்தவருடையது. விடை கிடைத்துவிட்டால் குறிப்பு சரி என்று ஆகிவிடாது. குறுக்கே வந்த எழுத்துகளை வைத்து ஊகித்தும் விடையை எழுதலாம். குறிப்பை எடைபோட வேண்டியது விடை தெரிந்த பிறகுதான்.

லண்டன் ‘அப்சர்வர்’ இதழில் ஸிமெனிஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டி.எஸ். மெக்நட், 1966-இல் இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தார். அவருக்குப் பின் அதே இதழில் புதிர் அமைத்த அஸெட் அதை இப்படிச் சுருக்கினார். நல்ல குறிப்பில் விடையின் துல்லியமான பொருள் இருக்க வேண்டும். விடையைக் கட்டும் வழி நேர்மையாகச் சொல்லப்பட வேண்டும். இவை தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. தமிழ்ப் புதிருக்கும் இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்த்ததில்லை.

‘கதவு’ குறிப்பை இதில் வைத்துப் பாருங்கள். ‘வாசலை அடைப்பது’ பொருள். ‘சிதைந்து’ என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்கிறது. எந்த எழுத்துகளை? ‘தகுதி’யை அல்ல; அதற்கு இணையான ‘தகவு’ என்ற சொல்லை நீங்களே யோசித்துப் பிடித்து, பிறகு அதைக் கலைக்க வேண்டும். தகுதிக்கு அருகதை, யோக்கியதை, தரம் என்று எத்தனையோ சொற்கள் உண்டு. கலைக்க வேண்டிய எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் இல்லாவிட்டால், விடையிலிருந்து பின்னோக்கிப் போனால்தான் வழி தெரியும். அது ஏமாற்று. ‘தகவு சிதைந்து வாசலை அடைப்பது’ என்று எழுதியிருந்தால் முழுக்க நேர்மையான குறிப்பு. ‘தகவைச் சிதைத்து’ என்று எழுதினால் மறுபடியும் கெட்டுவிடும்: வேற்றுமை உருபு ஏறியதும் ‘வு’ போய் ‘வை’ வந்துவிடுகிறது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதால் தமிழில் ‘வு’ வேறு, ‘வை’ வேறு. கலைக்கும் சொல் உருபு ஏறாமல் நிற்க வேண்டும்.

‘வாடகை’யில் குறை வேறு வகை. வாட, கை என்று பிரித்தது அழகான யோசனை. ஆனால் கரம் முன்னால் வந்தால் ‘கைவாட’ ஆகும். முன்பின் மாற்றச் சொல்லும் சொல் குறிப்பில் இல்லை. ‘வாடினால்’ என்பதிலேயே விடையின் பாதி அப்பட்டமாகத் தெரிகிறது. ‘வதங்கக் கரம் சேர்த்துக் குடியிருப்பவர் கொடுப்பது (3)’ என்றால் சரியாகிவிடும். இதில் ‘வதங்க’ என்பதற்குப் பின் மிகும் ‘க்’ பற்றிக் கவலை வேண்டாம். அது பொருளால் உணர்த்தப்படும் பகுதி, எழுத்துகளை அப்படியே எடுக்கும் பகுதி அல்ல. ஒளிந்திருக்கும் விடைகளில்தான் ஒற்று உயிர்ப்பிரச்சினை. ‘துடிக்க வலைஞர் உள்ளத்தில் விசாரம் (3)’ என்ற குறிப்பைப் பாருங்கள்: துடிக்[க வலை]ஞர், விடை கவலை. அடுத்த சொல் வகரத்தில் தொடங்குவதால் நடுவில் எதுவும் முளைக்கவில்லை. க, ச, த, ப-வில் தொடங்கும் சொல்லாக இருந்தால் ஒற்று மிக்கு, ஒளித்து வைத்த சொல் உடைந்திருக்கும். இதைக் கவனிக்காமல் ஒற்றை விழுங்கிவிடும் புதிர்கள் வருகின்றன. அது சின்னக் குறை அல்ல.

இனி, பாதியில் நிற்பது பற்றி. குறிப்பு சொல்லும் கதையை நம்பாதீர்கள். பொருள் எப்போதும் ஒரு முனையில்தான் இருக்கும். தமிழில் பெரும்பாலும் கடைசியில். கடைசி இரண்டு மூன்று சொற்களைத் தனியே வெட்டி, ‘இதற்கு மூன்றெழுத்தில் என்ன சொல்?’ என்று கேளுங்கள். மிச்சத்தில் சிதைந்து, கலங்கி, உள்ளே, திரும்பி போன்ற ஏவல் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். எதுவுமே இல்லாத சின்னக் குறிப்பு என்றால் இரண்டு பொருள் வகையாக இருக்கலாம்: ‘நிலா வரும் கிழமை (4)’, திங்கள்.

கட்டத்தில் ஓர் எழுத்து விழுந்துவிட்டால் தமிழ் இலக்கணம் உங்களுக்காக வேலை செய்யும். இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. ‘விளக்கு’ என்று குறுக்கே எழுதிவிட்டீர்கள். மூன்றாம் எழுத்தான ‘க்’, மேலிருந்து கீழே ஓடும் ஒரு கீழ்ச்சொல்லின் நடுவில் நிற்கிறது. அந்தக் கீழ்ச்சொல்லில் அடுத்த கட்டம் ககர வரிசைதான். க், ச், த், ப் ஆகியவற்றுக்கு அடுத்து அவற்றின் வரிசை எழுத்து மட்டுமே வரும்; சக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் விலக்கு. ‘ட்’, ‘ற்’ வந்தால் வாசல் கொஞ்சம் அகலம்: நட்பு, காட்சி, கற்கண்டு, பயிற்சி. ‘ர்’, ‘ழ்’ இரட்டிக்கவே இரட்டிக்காது. சொல்லின் கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் வராது.

இன்னொன்று: குறுக்குச் சொல்லின் நடுக் கட்டத்தில் எண் இருந்தால் அங்கே ஒரு கீழ்ச்சொல் தொடங்குகிறது என்று பொருள். அப்போது அந்தக் கட்டத்தில் மெய்யெழுத்து வர முடியாது. கடன்சொல் இல்லையென்றால் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் வராது. தனி உயிரெழுத்தும் அங்கே வராது, ஏனென்றால் குறுக்குச் சொல்லுக்கு அது நடு. (விடை இரண்டு சொல் தொடராக இருந்தால் மட்டும் வரலாம்.) எண்ணைப் பார்த்த மாத்திரத்திலேயே எழுத்துகளில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது.

உங்கள் மூலைக்கு வருகிறேன். அந்தப் பகுதியை மிச்சக் கட்டத்தோடு இணைக்கும் வெள்ளைக் கட்டங்களை எண்ணுங்கள். ஒரே ஒரு கட்டத்தை விரலால் மறைத்ததும் மூலை தனித்தீவாகிவிட்டால் குறை உங்களுடையது அல்ல. ஒரு சொல்லின் கட்டங்களில் ஏறக்குறையப் பாதியாவது வேறு சொல்லோடு சந்திக்க வேண்டும். ஐந்தெழுத்துச் சொல்லில் 1, 3, 5 சந்தித்தால் நல்லது. 2, 4 மட்டும் என்றால் முதலெழுத்தே கிடைக்காது, அதற்குக் குறிப்பு எளிமையாக இருந்தாக வேண்டும். கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் நிற்பது மரபு, பார்க்கவும் அழகு. ஆனால் அது தவறியதற்காக நான் சண்டை போட மாட்டேன். தனித்தீவுக்குப் போடுவேன். மாட்டிக்கொண்டால், தீவை இணைக்கும் அந்த ஒரு சொல்லிலேயே உட்காருங்கள். உள்ளே இருப்பவற்றைப் பிறகு பார்க்கலாம்.

நாளிதழுக்கு எழுதுவதாக இருந்தால் ‘கடினம்’, ‘புரியவில்லை’ என்று எழுதாதீர்கள். தேதி, குறிப்பின் எண், குறிப்பு, விடை, நீங்கள் பிரித்த விதம் ஆகியவற்றை எழுதி, எந்தச் சொல் எந்த வேலையும் செய்யாமல் நிற்கிறது என்று சுட்டுங்கள். முடிந்தால் திருத்திய குறிப்பையும் சேருங்கள். அதே புதிரில் உங்களை மகிழ்வித்த ஒரு குறிப்பு இருந்தால் அதையும், ஏன் பிடித்தது என்பதையும் எழுதுங்கள். தான் வைத்த பொறியில் எது சரியாக வேலை செய்தது என்பது புதிர் அமைப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.