சாங் த்ரஷ்ஷா, மிஸ்ல் த்ரஷ்ஷா? அளவை மட்டும் நம்பாதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தில் எங்கள் தோட்டத்தில் சிவப்புப் பழம் காய்க்கும் ஹாலி மரத்துக்கு இந்தக் குளிர்காலத்தில் தினமும் ஒரு பழுப்புப் பறவை வருகிறது. வெளிறிய நெஞ்சு, அதில் கரும்புள்ளிகள். வேறு பறவை வந்தால் விரட்டுகிறது. த்ரஷ் என்ற பாடும் பறவை இனத்தில் இது சாங் த்ரஷ்ஷா, மிஸ்ல் த்ரஷ்ஷா?

பதில்: கையேடுகள் முதலில் அளவைச் சொல்லும். சாங் த்ரஷ் சுமார் 22 செ.மீ., மிஸ்ல் த்ரஷ் சுமார் 27 செ.மீ. இரண்டும் அருகருகே நின்றால் சரி. தனியாக நிற்கும் பறவையை என்னவென்று அளப்பது? குளிரில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சாங் த்ரஷ்ஷும் பெரிதாகத்தான் தெரியும்.

பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் மிஸ்ல். வெளிர் ஆரஞ்சு கலந்த பழுப்பு என்றால் சாங். ஒரு நொடிதான் கண்ணில் படும், ஆனாலும் நான் மிகவும் நம்புவது இந்த அடையாளத்தைத்தான். மிஸ்லுக்கு வால் ஓரத்து இறகுகளின் நுனியும் வெள்ளை. முதுகில் சாம்பல் சாயல் இருக்கும். சாங்கின் முதுகு நல்ல பழுப்பு. புள்ளிகளும் உதவும்: சாங்குக்கு அம்புமுனை வடிவம், மிஸ்லுக்குப் பெரிய வட்டங்கள்.

கண்ணை விடக் காது சீக்கிரம் தீர்ப்புச் சொல்லிவிடும். சாங் த்ரஷ் ஒரு சிறு மெட்டை இரண்டு, மூன்று, நான்கு முறை திரும்பப் பாடிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். அப்படித் திருப்பிப் பாடுவது மிஸ்லின் வழக்கமில்லை. காற்றும் மழையும் அடிக்கும் நாளிலும் மர உச்சியில் நின்று உரக்க, சற்றே சோகமாகப் பாடும். பறக்கும்போது அது எழுப்பும் ஒலி கிலுகிலுப்பையை ஆட்டியதுபோல் வறட்சியாக இருக்கும். சாங் மெல்ல 'சிப்' என்பதோடு சரி.

தோட்டத்தில் ஒரு கல்லைச் சுற்றி உடைந்த நத்தை ஓடுகள் கிடந்தால், அது சாங் த்ரஷ் வேலை. கண்ணுக்கு மேல் வெளிர் பட்டையும் விலாவில் செம்மையும் இருந்தால் இரண்டுமே இல்லை, ரெட்விங் என்ற வேறொரு த்ரஷ்.

பழம் காய்த்த ஒரே மரத்தைச் சொந்தமாக்கிக்கொண்டு குளிர்காலம் முழுக்கக் காவல் காப்பது மிஸ்ல் த்ரஷ்ஷின் பழக்கம். ஹாலியும் புல்லுருவியும் அதற்கு மிகவும் பிடித்தவை. ஆகவே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மிஸ்ல்தான். கடுங்குளிரில் ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் (இதுவும் ஒரு த்ரஷ்) கூட்டங்கள் மொத்தமாக வந்து இறங்கினால் மிஸ்லால் தடுக்க முடியாது. மரம் சீக்கிரமே காலியாகிவிடும். அப்போது விரட்டும் காட்சி நின்றுபோனால், வேறு பறவை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.